சமன்பாட்டில் ஒரு எட்டிதழ்க் கோலம்

எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் கோலத்துக்கு இருக்கும் இடம் மிதியடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். போன தீபாவளிக்கு அதில் புள்ளி வைக்காமல், சமன்பாட்டில் வரைந்த பூவைப் போட்டேன். இதற்கு ஏ மேத்ஸ் (உயர்நிலைப் பள்ளிக் கூடுதல் கணிதம்) எல்லாம் வேண்டாம்.

முதலில் மடிக்கணினியில் டெஸ்மோஸ் வரைபடக் கணிப்பானைத் திறங்கள். இலவசம்தான். இடப்பக்கப் பெட்டியில் இதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்:

ஆர் = 5 காஸ்(4 தீட்டா)

தீட்டாவை எழுத்துக்கூட்டித் தட்டினால் தானே கிரேக்கக் குறியாகிவிடும்.

எட்டிதழ்ப் பூ வந்ததா? சரி, 4-ஐ 5 ஆக்குங்கள். ஐந்தே இதழ்! இந்த இடத்தில் நான் ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். தீட்டா என்பது கோணம். ஆர் என்பது நடுவிலிருந்து தூரம். ஆர் மைனஸுக்குப் போனால் புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழும். ஒற்றைப்படை எண்ணில் அரைச் சுற்றிலேயே பூ முடிந்து, மீதிச் சுற்று அதே இதழ்கள் மேலேயே ஓடுகிறது. இரட்டைப்படையில் அது காலி இடங்களை நிரப்புகிறது. அதனால்தான் இரு மடங்கு. இவற்றுக்கு ரோஜாவின் பெயரை வைத்தவர் 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணிதர் கிராண்டி. எனக்கென்னவோ தாமரையாகத்தான் தெரிகிறது.

அடுத்து, தீட்டாவுக்கு முன்னால் உள்ள எண்ணுக்குப் பதிலாகக் 'கே' என்ற எழுத்தைப் போடுங்கள். ஸ்லைடர் வேண்டுமா என்று கேட்கும். சேர்த்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். 2.5-இல் நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பத்து இதழ்கள், சிக்குக் கோலம் மாதிரியே. படம் பாதியில் நின்றால் தீட்டாவின் மேல் எல்லையை 4 பை, அதாவது இரண்டு முழுச் சுற்று ஆக்குங்கள்.

கரைக்கு, கே-யை 4-க்குக் கொண்டுவந்து, அடுத்த வரியில்:

ஆர் = 6.5 + 0.5 காஸ்(16 தீட்டா)

பதினாறு நெளிவுள்ள வளையம். ஒவ்வொரு இதழ் நுனிக்கும் நேரே ஒரு மேடு வரும், 16 என்பது இதழ் எண்ணிக்கையான 8-இன் மடங்கு என்பதால். 15 போட்டுப் பாருங்கள், கண்ணை உறுத்தும்.

வரியின் இடப்பக்க வட்டத்தை அழுத்திப் பிடித்தால் நிறம் மாற்றலாம். வலது மேல் மூலைக் குறடுச் சின்னத்தில் அச்சுகளையும் கட்டங்களையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் அச்செடுத்து, அதைப் பார்த்துக் கோலமாவில் போட வேண்டியதுதான். நான் ஆசைப்பட்டு முதலில் 20 போட்டு நாற்பது இதழ் எடுத்தேன். தாளில் ஜோர், தரையில் மூன்றாவது இதழிலேயே பிசகி, துடைத்துவிட்டு எட்டுக்கு வந்தேன்.