மெடிகெய்ட் நின்றுவிட்டதா? அடுத்த காப்பீட்டில் பலரும் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தாலே, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் கையை விட்டுப் போகலாம். அதை விரிவாக்கிய மாநிலங்களில் பெரியவர்களுக்கான வரம்பு ஃபெடரல் வறுமைக்கோட்டின் 138 சதவீதம். 2025 கணக்குப்படி, தனியாள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர்.

நிறுத்தக் கடிதம் வந்ததும் அதில் உள்ள கணக்கைச் சரிபாருங்கள். மெடிகெய்ட் பார்ப்பது அந்த மாதத்து வருமானத்தை. ஒரே ஒரு மாதம் கிடைத்த ஓவர்டைம் பணத்தை நிரந்தரச் சம்பளமாக எடுத்துக்கொண்டிருந்தால் முறையீடு செய்யலாம். நிறுத்தத் தேதிக்கு முன்பே கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை காப்பீடு பொதுவாகத் தொடரும். தோற்றால் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கக்கூடும் என்பதால், கணக்கு உண்மையிலேயே பிசகியிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அப்பாவுக்கு நின்றால் வீட்டில் எல்லோருக்கும் போயிற்று என்று நினைப்பது அடுத்த பிழை. குழந்தைகளுக்கான வருமான வரம்பு அதிகம்; அதையும் தாண்டினால் குழந்தைகளுக்கான அரசுக் காப்பீடான 'சிப்' (CHIP) திட்டம் இருக்கிறது. 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து ஒருமுறை தகுதி கிடைத்தால், இடையில் பெற்றோர் வருமானம் ஏறினாலும் 12 மாதம் தொடரும். சம்பள உயர்வால் மெடிகெய்டை இழக்கும் பெற்றோருக்கும் ஓராண்டு வரை இடைக்கால நீட்டிப்பு கிடைக்க வாய்ப்புண்டு. தானாகத் தரவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள்.

இனி தேதிகள். வேலையிடத்துக் காப்பீட்டில் சேர, மெடிகெய்ட் நின்ற நாளிலிருந்து 60 நாள் உண்டு. 30 நாள்தான் என்று எச்.ஆர். சொன்னால், அது மற்ற காப்பீடுகளை இழப்பவர்களுக்கான விதி. தனியார் பிளான்களை வாங்க அரசு நடத்தும் இணையச் சந்தையான ஹெல்த்கேர்.கவ் தளத்தில் 60 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், நின்றபின் 90 நாள் வரை அவகாசம். மாநிலமே நடத்தும் சந்தைகளில் கெடு வேறுபடலாம். அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் இடைவெளி விழும்: ஜூன் 30-ல் மெடிகெய்ட் முடிகிறது, நீங்கள் ஜூலை 5-ல் பிளான் எடுக்கிறீர்கள் என்றால் பொதுவாக ஆகஸ்ட் 1-ல்தான் தொடங்கும். ஜூலை முழுக்க வெறுங்கை. ஜூனுக்குள் தேர்ந்தெடுத்திருந்தால் ஜூலை 1-லேயே தொடங்கியிருக்கும். முதல் பிரீமியம் கட்டாதவரை எந்த பிளானும் உயிர்பெறாது.

வேலையிடத்தில் காப்பீடு கிடைக்கிறதென்றால் ஒரு கணக்கு. உங்கள் ஒருவருக்கான மலிவான பிளானுக்கு நீங்கள் கட்டும் பிரீமியம், 2026-ல் குடும்ப வருமானத்தின் 9.96 சதவீதத்துக்குள் அடங்கினால் சந்தையில் பிரீமியத்தைக் குறைக்கும் வரிச்சலுகை உங்களுக்குக் கிடையாது. ஆனால் 2023 முதல் மனைவி, பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகுமா என்பது, குடும்ப பிரீமியத்தை வைத்துத் தனியாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே நீங்கள் ஆபீஸ் பிளானிலும் அவர்கள் சந்தை பிளானிலும் இருப்பது மலிவாக முடியலாம்.

பெரிய சறுக்கல் வருமான மதிப்பீட்டில்தான். மெடிகெய்ட் மாதத்தைப் பார்த்தது. சந்தை முழு ஆண்டைப் பார்க்கிறது. ஐந்து மாதம் 1,600 டாலர், பிறகு ஏழு மாதம் 2,800 என்றால் ஆண்டு வருமானம் 27,600. பலர் புதுச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 33,600 என்று எழுதிவிடுகிறார்கள். தனியாளுக்கு 27,600 என்பது வறுமைக்கோட்டின் 176 சதவீதம். சந்தை பிளான்கள் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்), சில்வர் எனத் தரம் பிரிக்கப்பட்டவை. அவருக்கு சில்வர் பிளானில் காப்பீடு சராசரியாகச் செலவில் 87 சதவீதத்தை ஏற்கும். 33,600 என்று எழுதினால் அது 73-ஆகச் சரிகிறது. மருத்துவச் செலவில் நம் பங்கைக் குறைக்கும் இந்தக் கூடுதல் தள்ளுபடி, வறுமைக்கோட்டின் 250 சதவீதம் வரை உண்டு, அதுவும் சில்வரில் மட்டும். பிரீமியம் குறைவு என்று பிரான்ஸ் எடுப்பவர், 60 சதவீதம் மட்டுமே ஏற்கும் பிளானையும் ஆயிரக்கணக்கில் டிடக்டிபிளையும் (காப்பீடு தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) வாங்கிக்கொள்கிறார். மாத்திரை வாடிக்கையாகச் சாப்பிடுபவருக்கு இது நஷ்டக் கணக்கு.

வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் ஆபத்து. 2026 வரி ஆண்டிலிருந்து, அதிகமாக வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட உச்சவரம்பு இல்லை. வரிக் கணக்குடன் இந்தச் சலுகைக்கான 8962 படிவம் நிரப்பும்போது முழுத்தொகையும் வரும். சம்பளம் மீண்டும் ஏறினால் உடனே தளத்தில் திருத்துங்கள்.

குறுகிய காலக் காப்பீடும், செலவைப் பகிர்ந்துகொள்ளும் சங்கத் திட்டங்களும் மலிவாகத் தெரியும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு அவை கைவிரிக்கலாம். டாக்டர் விஷயத்திலும் ஏமாற வேண்டாம்: மெடிகெய்டில் இருந்த அதே கம்பெனி சந்தையிலும் பிளான் விற்கும், ஆனால் அந்த பிளானை ஏற்கும் டாக்டர்களின் பட்டியல் (நெட்வொர்க்) வேறாக இருக்கலாம். கிளினிக்குக்கு போன் செய்யும்போது கம்பெனி பெயரை மட்டும் சொல்லாமல், பிளானின் முழுப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.