பல வருஷம் நின்ற அம்பாசடரை நீங்களே ஓட வைக்க

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன அம்பாசடர் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது, புது பேட்டரியை மாட்டி சாவியைத் திருகிப் பார்ப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். இறுகிப்போன ஒரு வால்வு, அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளைத்துவிடும், எலி கடித்த வயர் புகையும், டேங்கின் அடியில் கிடக்கும் துரு கார்பரேட்டர் வரை ஏறி அடைத்துக்கொள்ளும். இன்னொரு தப்பு, பெயின்ட் ஆசையில் வண்டி முழுவதையும் கழற்றிப் போடுவது. கழற்றிய சாமான்களை மூட்டை கட்டி வைத்து, எது எங்கே இருந்தது என்று மறந்துபோய், கடைசியில் காயலான் கடைக்குப் போன வண்டிகள் நிறைய. வண்டி முதலில் பிரேக் பிடித்து நிற்கக் கற்க வேண்டும், பிறகு ஓடலாம். அழகு கடைசி.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு: மார்க் 2, 3, 4, நோவா. இசுசு 1800 இன்ஜினும் டீசலும் வேறு கதை.

காசு இறக்கும் முன் காகிதம்

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பலர் அதை விட்டிருப்பார்கள். அபராதத்தோடு இப்போதும் மாற்றலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம், ஆர்.சி. புத்தகம் எல்லாம் தயாராக வேண்டும். அண்ணன் தம்பிக்குள் யாருக்கு வண்டி என்று பேசி முடிக்காமல் ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காதீர்கள். வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் எல்லாருக்கும் அதன் மேல் பாசம் வரும்.

ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணமும் பசுமை வரியும் தனி. 50 வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்து வி.ஏ. நம்பர் பிளேட் வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் என்று போய் வரலாம், அவ்வளவுதான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போக நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது நல்லது.

தரையும் ஸ்பானரும்

அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதனால் துரு பார்ப்பது பெயின்ட் விஷயமில்லை, உயிர் விஷயம். பெரிய ஸ்க்ரூ டிரைவரால் மூன்று இடங்களில் அழுத்திக் குத்துங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின் பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டும் இடம், முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம். உள்ளே போனால் முதல் செலவு வெல்டிங்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கீழே ஸ்டாண்ட் வேண்டும். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் உடையும்.

நட்டு போல்ட்டு எல்லாம் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அளவு) ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பானர் போட்டாலும் திரும்பும், ஆனால் துருப்பிடித்த நட்டில் முனை மழுங்கிவிடும். பிரேக் பைப் நட்டில் அப்படி ஆனால் பைப்பையே மாற்ற வேண்டியதுதான்.

இன்ஜினை எழுப்புவது

ஏர் கிளீனரையும் சைலன்சர் வாயையும் திறந்து எலிக்கூடு பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். பிளக் போட்ட இன்ஜின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டை விரல் முறியும்; பிளக் இல்லாதபோதே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும். சுற்றவில்லை என்றால் பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். மறுபடி ஆயில் ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜின் தலையில் இருக்கும் டேப்பெட் கவரைத் திறந்து, ஒருவர் மெதுவாகச் சுற்ற இன்னொருவர் பாருங்கள். எட்டு வால்வும் இறங்கி ஏற வேண்டும். இறங்கிய வால்வு மேலே வரவில்லை என்றால் தண்டில் ஆயில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. சரிபார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது: கூட்டினால் ஒன்பது. முன்னாலிருந்து எண்ணி 1-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 8-ஐச் சரிசெய்யுங்கள், 3 திறந்திருந்தால் 6-ஐ.

பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து நாலே கால் லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் கிண்ணத்துக்கு மேலே காடியில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு, காடியின் நிறத்திலேயே இருக்கும். அதை ஊசியால் குத்தி எடுக்காமல் புது வளையத்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து உட்காராது. ஸ்டார்ட் ஆன சில நிமிஷத்தில் ஆயில் முழுவதும் தரையில் கிடக்கும்.

பல வருஷம் நின்ற இன்ஜினில் ஆயில் பம்ப் காய்ந்திருக்கும். ராக்கர் மேல் தாராளமாக ஆயில் விட்டு, பிளக் போடாமலே செல்ஃப் மோட்டாரால் பத்துப் பத்து வினாடியாகச் சுற்றி, ராக்கரில் ஆயில் கசிந்து வருகிறதா பாருங்கள். வராமல் ஸ்டார்ட் செய்தால் பேரிங் போய்விடும்.

கரண்ட்

செல்ஃப் அடிக்கும் முன் பேட்டரியைப் பற்றி இரண்டு வார்த்தை. மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கலாம். பாடியோடு சேரும் கேபிள் எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் தடவை நேராக மாட்டாமல், பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைக் கோத்து விடுங்கள். சாவி, விளக்கு எல்லாம் அணைத்திருக்கையில் பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். பேட்டரியை மாட்டாமல் வயரைத் தேடுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். அது மோசமாக இருந்தால் செல்ஃப் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சூடாகிப் புகையும்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர், மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள். அதில் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட்டை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிளக் இடைவெளி 0.64 மி.மீ. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் 1, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். பாயின்ட்டில் நீலப் பொறி பெரிதாகத் தெறித்தால் கண்டன்சர் போயிருக்கிறது.

பெட்ரோல்

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் வடித்துவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் கேனிலிருந்து ஹோஸ் போட்டு ஓட்டலாம். டேங்கைத் தனியே இறக்கி, கழுவி, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் ஆயில் விட்டுக் குலுக்குங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துரு. டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள், காலி டேங்க்தான் வெடிக்கும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வையுங்கள். ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சிந்தாமல் இன்ஜின் ஆயிலில் இறங்கக்கூடும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போய், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். கார்பரேட்டர் ஜெட்டைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டால் துளை பெரிதாகும்.

பிரேக்: இங்கே சிக்கனம் கூடாது

பழைய அம்பாசடரில் நான்கு வீலுக்கும் ஒரே ஹைட்ராலிக் வழி. ஏதாவது ஒரு இடத்தில் ஒழுகினால் பெடல் நேராகத் தரைக்குப் போகும், நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நின்ற வருஷங்களில் அந்த ஈரம் சிலிண்டர் சுவரை அரித்திருக்கும். இரண்டு தடவை அழுத்தினால் பெடல் கெட்டியாகிறது, ஒழுகலும் இல்லை என்று சிலர் அப்படியே ரோட்டுக்கு எடுப்பார்கள். ரப்பர் அரித்த சுவரில் உரசி ஒரே வாரத்தில் கிழியும்.

டிரம் கழலவில்லை என்றால் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்திவிட்டுச் சுற்றித் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடையுங்கள். எல்லா வீல் சிலிண்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றி உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை; புது சிலிண்டர் போடுங்கள், அல்லது உள்ளே புது உறை (ஸ்லீவ்) அடித்து வாங்குங்கள். ரப்பர் ஹோஸ்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். அவை உள்ளே வீங்கி ஒருவழி வால்வு ஆகிவிடும்: பெடல் அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, அந்த வீல் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடேறும். பின் லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. அந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் சூடானதும் ஆயிலைக் கக்கும். சீல், லைனிங் இரண்டும் மாற்ற வேண்டும்.

டாட் 3 ஆயில் ஒரு லிட்டர் வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலில் ஆரம்பித்து, பைப்பில் சேர்ந்த காற்றை எடுங்கள். வடிந்ததை மறுபடி ஊற்றாதீர்கள், பெயின்ட்டில் சிந்தவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் வீல் நிற்கும்வரை இறுக்கி, தாராளமாகச் சுற்றும்வரை ஒரு கிளிக் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். கடைசியில் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுகல்.

தண்ணீர், டயர், மற்றவை

போர்வெல் தண்ணீரே ஊற்றி ஓட்டிய இன்ஜினில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் வடிக்கும் டேப்பைத் திறந்தால் ஒன்றும் வராது. கம்பி விட்டுக் குத்தினால் பழுப்புச் சேறு வரும். தெளிவாக வரும்வரை அலசி, டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3208 என்றால் 2008-ன் 32-வது வாரம். பத்து வருஷம் தாண்டியிருந்தால் ட்யூபோடு மாற்றுங்கள். கிங்பின் கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். டிஃபரன்ஷியலுக்கு இ.பி. 90 கியர் ஆயில்.

சாமான் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். 2014 மே வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி இது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, கோவை உக்கடம், கொல்கத்தா மல்லிக் பஜார் என்று இன்னும் கிடைக்கிறது. பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பாடிப் பாகம் பழசு வாங்கலாம், பிரேக் ரப்பர் மட்டும் புதுசு.

ஸ்டார்ட் ஆன பிறகு

முதல் முறை ஓடும்போது ஆயில் பிரஷர் சில வினாடிக்குள் ஏற வேண்டும். சூடான இன்ஜினில் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு, ஐடிலில் 15-க்குக் குறையாமல் இருந்தால் நல்ல இன்ஜின். ஊற்றிய ஆயில் எரிவதால் கொஞ்ச நேரம் நீலப்புகை வரும், பயப்பட வேண்டாம். அரை மணிக்குப் பிறகும் நிற்காவிட்டால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது.

கியர் விழாமல் கிறீச்சிட்டால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கிறது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, காலி மைதானத்தில் இரண்டாம் கியரில் போட்டு செல்ஃபிலேயே கிளப்பி, கிளட்ச்சை மிதித்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். பெரும்பாலும் விட்டுக்கொள்ளும். இதற்கும் முதலில் பிரேக் வேலை செய்ய வேண்டும்.

முதல் 5 கிலோமீட்டர் ஓட்டியதும் நான்கு வீல் டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடிக்கிறது. 50 கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி இறுக்குங்கள். 500-ல் ஆயிலை மாற்றிவிடுங்கள், உள்ளே கரைந்த கசடு அத்தனையும் அதில்தான் இருக்கும்.

சித்திரை வெயிலில் கடைத்தெருவில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. இந்த இன்ஜினில் கார்பரேட்டர் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பெட்ரோல் கொதித்துவிடும். சோக் இழுக்காதீர்கள், ஆக்ஸிலேட்டரைப் பம்ப் அடிக்காதீர்கள். முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பம்பின் மேல் ஈரத்துணி போட்டாலும் கேட்கும். பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டை விட்டு விலக்கிக் கட்டி, கார்பரேட்டருக்குக் கீழே வெப்பம் தடுக்கும் தகடு ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.