மாதாந்திர இசைத்தட்டுப் பெட்டி வாங்குகிறீர்களா?

எல்பி எனும் வினைல் இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் அனுப்பும் சந்தாவில், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து அன்பர்கள் முதலில் தட்டின் ஒரு பக்கம் எத்தனை நிமிடம் ஓடும் என்று பாருங்கள். 12 அங்குல எல்பியில் ஒரு பக்கம் 22 நிமிடத்தை நன்றாகத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்டியிருப்பார்கள். சத்தமும் பேஸும் (கனத்த அடிநாதம்) குறையும். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த கச்சேரியில் அது உடனே காதில் படும். அதே ஆல்பம் இரட்டைத் தட்டாகவும் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வந்த அன்றே மேலே சுற்றிய பிளாஸ்டிக்கை உரித்துவிடுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உள்ளே ஈரம் தங்கினால் அட்டை உறையில் பூஞ்சை பிடித்து, அப்படியே தட்டுக்கும் பரவும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டவே வேண்டாம். தட்டுகளை நேராக நிறுத்தி வையுங்கள், சாய்ந்தே இருந்தால் வளைந்துவிடும்.

பூஞ்சை வந்துவிட்டதா? டிஸ்டில்டு வாட்டர் 4 பங்கு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 1 பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே, லேபிள் நனையாமல் துடையுங்கள். தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் மட்டும் இந்தக் கலவை படக் கூடாது. அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும்.