பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்களைப் பிடிப்பது எப்படி?

பூச்சியம் காண்க என்றதும் சிலர் கோவையில் மாறிக்குப் பதிலாக 0 போட்டுவிடுகிறார்கள். கதை தலைகீழாகிவிடும். எந்த எண்ணைப் போட்டால் கோவையின் மதிப்பு 0 ஆகிறதோ, அந்த எண்தான் பூச்சியம். மாறியை ய என்று வைத்துக்கொண்டால், ய − 4 என்ற கோவையின் பூச்சியம் 4. வரைபடத்தில் அது கிடை அச்சைக் கோடு சந்திக்கும் இடம்.

ஒருபடிக் கோவையில் வேலையே இல்லை. இருபடிக்குக் காரணிப்படுத்தலாம், அது மசியாவிட்டால் சூத்திரம் இருக்கிறது. திணறல் முப்படியில்தான் தொடங்குகிறது:

2ய³ − 3ய² − 11ய + 6

படி 1: எந்த எண்களைச் சோதிப்பது?

கெழுக்கள் எல்லாம் முழு எண்கள். எனவே பூச்சியம் ஒரு விகிதமுறு எண்ணாக இருந்தால், சுருக்கிய வடிவில் அதன் தொகுதி கடைசி எண்ணான 6-ஐ வகுக்கும், பகுதி முதல் கெழுவான 2-ஐ வகுக்கும். ஆக ±1, ±2, ±3, ±6, ±1/2, ±3/2 ஆகிய 12 எண்கள் மட்டுமே.

படி 2: போட்டுப் பாருங்கள்

0 போட்டால் 6
1 போட்டால் −6
2 போட்டால் −12
3 போட்டால் 0

3 சிக்கியது. மற்ற விடைகளை அழித்துவிடாதீர்கள், அவற்றிலும் துப்பு உண்டு. 0-இல் 6 ஆக இருந்தது 1-இல் −6 ஆகிவிட்டது. பல்லுறுப்புக் கோவையின் வளைகோடு எங்கும் அறுபடாது. அப்படியானால் 0-க்கும் 1-க்கும் இடையே அது அச்சைக் கடந்தே தீர வேண்டும். நம் பட்டியலில் அந்த இடைவெளியில் இருப்பது 1/2 மட்டும். அங்கே விகிதமுறா எண்ணும் ஒளிந்திருக்கலாம், அதனால் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

படி 3: தொகுமுறை வகுத்தல்

3 பூச்சியம் என்றால் (ய − 3) காரணி. கெழுக்கள் 2, −3, −11, 6. முதல் 2-ஐ அப்படியே இறக்குங்கள். 3-ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டுங்கள்: −3 + 6 = 3. மறுபடியும்: −11 + 9 = −2. கடைசியில் 6 − 6 = 0. மீதி இல்லை. ஈவு:

2ய² + 3ய − 2 = (2ய − 1)(ய + 2)

பூச்சியங்கள் 3, 1/2, −2. (ய + 2) தருவது −2, கூட்டல் 2 அல்ல. தேர்வில் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எல்லாக் கோவையும் இப்படி வளைந்து கொடுக்காது. ய² + 1-க்கு மெய்யெண் பூச்சியமே கிடையாது. ஐந்தாம் படிக்குக் கெழுக்களையும் மூலக்குறிகளையும் வைத்துப் பொதுச் சூத்திரம் எழுத முடியாது என்று நார்வே கணிதவியலாளர் ஏபெல் 1824-இல் நிறுவிவிட்டார். அங்கேயும் கைகொடுப்பது அந்தக் குறிமாற்றம்தான்: இடைவெளியைப் பாதியாக நறுக்குங்கள், குறி மாறும் பாதியை வைத்துக்கொண்டு மறுபடி நறுக்குங்கள்.