சிரட்டையில் தினைப்புல்: ஃபின்ச் பறவைகளுக்கு வேரோடு பசுமை கொடுக்கும் முறை

கிள்ளிப் போட்ட கீரை நாகர்கோவில் வெயிலில் ஒரு மணி நேரத்தில் வாடிவிடும். ஆனி, ஆடிச் சாரலிலோ வாடாமல் கூண்டின் அடித்தட்டில் ஈரமாகக் கிடந்து மாலைக்குள் வழவழத்துப் போகும். கூண்டில் வளர்க்கும் ஃபின்ச் என்னும் சிறு பறவைகள் புல்விதையையும் புல்லின் இளங்குருத்தையும் கொத்தித் தின்னும் இனம் என்பதால், வேரோடு நிற்கும் புல்லையே கூண்டுக்குள் வைப்பதுதான் நம் மாவட்டத்துத் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்குத் தட்டும் தொட்டியும் வாங்க வேண்டியதில்லை. தேங்காய் துருவியபின் எஞ்சும் சிரட்டை போதும்.

கண்கள் உள்ள பாதிச் சிரட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்களில் மென்மையான ஒன்றை ஆணியால் குத்தித் திறந்தால், மிகுதியான நீர் வடிய அதுவே வழியாகும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தேங்காய்ச் சதையைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். எண்ணெய்ப்பசை சிறிது இருந்தாலும் பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். உள்ளே நிரப்புவதற்குத் தென்னைநார்த் தூள் நல்லது என்றாலும், அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். நீளமான நார்களைச் சலித்து எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு கிராம் அளவே எடையுள்ள ஜீப்ரா ஃபின்ச்சின் காலில் ஒரு நார் சுற்றி இறுகினாலே விரல் போய்விடும். உப்புள்ள கடற்கரை மணலை நிரப்பவே கூடாது.

தினை வாங்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பலசரக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் உமி நீக்கிய தினையரிசி, அது முளைக்காது. பறவைத் தீனி விற்கும் கடையில் உமியோடு கிடைக்கும் தினையைக் கேட்டு வாங்க வேண்டும். விதைக்கடையில் இளஞ்சிவப்பு, நீலம் என நிறம் ஏற்றிய விதை இருந்தால் அது மருந்து கலந்து நேர்த்தி செய்யப்பட்டது, அதை வாங்காதீர்கள். புதிதாக வாங்கியதில் இருபது மணிகளை ஈரத்துணியில் மடித்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைக்காவிட்டால் அது பழைய தினை. முளைக்காத மணிகள் மண்ணில் கிடந்து அழுகும்.

ஒரு சிரட்டைக்கு ஒரு தேக்கரண்டி தினையை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் இரண்டு முறை அலசி, நார்த்தூளின் மேல் நெருக்கமாகப் பரப்பி, மேலே மிக மெல்லியதாகத் தூளைத் தூவ வேண்டும். முளை தலைகாட்டும்வரை நிழலில் வைத்து, பிறகு காலை வெயில் படும் திண்ணைக்கு மாற்றலாம். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். சிரட்டை உருளாமலிருக்கக் கயிற்றைச் சும்மாடு போலச் சுருட்டி அதன்மேல் வைத்தால் அடியிலுள்ள கண்ணுக்குக் காற்றும் கிடைக்கும். எட்டு முதல் பத்து நாளில் புல் நான்கு விரற்கடை உயரத்துக்கு வந்துவிடும். அதுவே கொடுக்க ஏற்ற பருவம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிரட்டை விதைத்து வந்தால், ஒரு சோடிக்கு இடைவிடாமல் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் மணிகளைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவதைக் கண்டு, பூஞ்சை என்று எண்ணி நான் முதல் நான்கு சிரட்டைகளையும் குப்பையில் கொட்டினேன். அது வேர்த்தூவி, அதாவது வேரில் முளைக்கும் நுண்மயிர். வேறுபாட்டை அறிவது எளிது: வேர்த்தூவி வேரை ஒட்டி, அதைச் சுற்றி மட்டும் நேர்த்தியாக நிற்கும், தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்துவிடும். பூஞ்சையோ சிலந்திவலை போல மணிக்கு மணி தாவிப் படர்ந்திருக்கும்; புளித்த வாடையும் வரும். பின்னது தெரிந்தால் மேலோட்டமாகக் கழுவிக் கொடுக்க முயலாமல் சிரட்டையோடு எறிந்துவிடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் ஊர் நம்முடையது. அந்த மாதங்களில் விதையை நெருக்கமாக அல்லாமல் இடைவெளி விட்டுத் தூவுவதும், தண்ணீரை நாளுக்கு ஒருமுறையாகக் குறைப்பதும் நல்லது.

கூண்டுக்குள் வைக்கும்போது, எச்சம் விழாதபடி அமர்குச்சிக்கு நேர் கீழே இல்லாத மூலையாகப் பார்த்து, கம்பியில் கட்டி, கட்டுக்கம்பியின் முனைகளை வெளிப்புறமாக வளைத்துவிடுங்கள். புதிய பொருளைக் கண்டதும் ஜீப்ரா ஃபின்ச்சுகள் எதிர்மூலையில் ஒதுங்கி நிற்பது வழக்கம். மூன்று நான்கு நாள் பொறுக்க வேண்டும். பெங்காலி ஃபின்ச் ஒன்று உடன் இருந்தால் அது முதலில் இறங்கும், மற்றவை பின்தொடரும். காலையில் புல்லின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால், தின்பதற்கு முன் சில பறவைகள் ஈரப்புல்லில் நெஞ்சைத் தேய்த்து, இறகைச் சிலிர்த்துக் குளித்தே விடும். அதைத் தடுக்க வேண்டாம்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். பசுமை தின்ற நாளில் எச்சம் சற்று நீர்த்துப் பச்சையாக இருப்பது இயல்பு. மறுநாளும் அப்படியே தொடர்ந்து பறவை இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பசுமையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தானியமே அடிப்படைத் தீனி.

தினைக்கு மாற்றாகக் குதிரைவாலி, சாமை, கேழ்வரகு, வெந்தயம் ஆகியவற்றையும் இதே முறையில் வளர்க்கலாம். சோளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இளஞ்சோளப் பயிரில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு என்பதால்தான் அதை மாட்டுக்கே கொடுக்கத் தயங்குகிறோம். மரச்சீனி (மரவள்ளி) இலைக்கும் இதுவே பொருந்தும். வீட்டைச் சுற்றி எளிதாகக் கிடைக்கிறதே என்று அதைப் பறித்துப் போடாதீர்கள். பாலக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், முட்டையிடும் காலத்தில் அவற்றைத் தவிர்த்து முருங்கைக்கீரை கொடுக்கலாம். அதோடு சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். குளச்சல், முட்டம் கடற்கரைப் பக்கம் கிடைக்கும் ஓட்டை இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பு நீக்கி, வெயிலில் காயவைத்துத் தொங்கவிடுங்கள்.

வரப்பில் கதிர்விட்ட புல்லைப் பறித்து வருவோருக்கு ஒரு சொல். மழைக்கு முன் ரப்பர் தோட்டங்களில் இலையுதிர்வு நோய்க்காகத் தாமிர மருந்து தெளிப்பார்கள். வாழைத் தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பதும் உண்டு. அந்த ஓரத்துப் புல் எவ்வளவு கொழுகொழுவென்று நின்றாலும் வேண்டாம்.

மாலையானதும் சிரட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். கொத்திய புல் மறுபடி துளிர்க்கும்தான். ஆனால் எச்சம் பட்ட அதைத் திரும்பக் கூண்டுக்குள் வைப்பது சரியல்ல. வேர்க்கட்டியை அப்படியே பெயர்த்து வாழைமூட்டில் போட்டுவிட்டு, சிரட்டையைக் கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு முறைக்கு வரும். அதன்பின் அடுப்பில் போட்டுவிடலாம். மறுநாள் குழம்புக்குத் தேங்காய் உடைக்காத வீடு நம் பக்கம் அரிது.