ஃபிரிட்ஜுக்குச் சேர்த்த பணம் எங்கே போகிறது?

கடன் வாங்காமல் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவிட வேண்டும் என்று தொடங்கிப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வருமானம் இல்லாமல் விட்டவர்கள் அவர்களில் குறைவு. சேர்த்த பணம் தனி இடத்தில் இல்லாததால்தான் பலரும் விட்டார்கள்.

சம்பளக் கணக்கிலேயே பணத்தை வைத்திருப்பதுதான் முதல் தவறு. எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மாதம் 3,000 ரூபாயைத் தொடக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். நாலாம் மாதம் 12,000 இருக்க வேண்டிய கணக்கில் 4,300தான் இருந்தது. பாஸ்புக்கை எடுத்து வரிவரியாகப் பார்த்தோம். ஒரு காதுகுத்து மொய், ஸ்கூல் வேன் கட்டணம், இரண்டு தடவை மருந்துக் கடை, மீதியெல்லாம் யூபிஐயில் போன 80, 120, 200. எதுவுமே வீண் செலவு இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் பணம் போய்விட்டது.

அப்புறம் வங்கியில் ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) போட்டோம். சம்பளம் வந்த மறுநாளே 3,000 தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டோம். 6.5 சதவீத வட்டி என்றாலே, ஆண்டு முடிவில் 36,000 அசலோடு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் சேர்ந்து வரும்.

ஆர்.டி. என்றதும் தபால் நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆர்.டி. 5 ஆண்டுக்கானது. 3 ஆண்டு முடியும் முன் அதை மூட முடியாது. நல்ல திட்டம்தான், ஆனால் அடுத்த தீபாவளிக்கு வாங்க நினைக்கும் பொருளுக்கு அது சரிப்படாது.

சீட்டு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். தெரிந்தவர், பக்கத்துத் தெரு, பல வருஷப் பழக்கம் என்று பதிவில்லாத சீட்டில் போடாதீர்கள். 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்டுகள் சட்டப்படி சீட்டு தொடங்கவே முன் அனுமதியும் பதிவும் வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் இலக்காக வைப்பதும் பெரிய தவறு. ஏ.சி. வாங்கப் போனால் ஸ்டெபிலைசர், வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்டு, கூடுதல் காப்பர் பைப், பொருத்தும் கூலி என்று தனி பில் வரும். பழைய வயரிங் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அதுவும் சேரும். கடைக்காரரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் கேட்டு, மொத்தத் தொகையை எழுதி வைத்துச் சேருங்கள்.

பாதிப் பணம் சேர்ந்ததும் கடைக்குப் போய் ‘சும்மா பார்த்துவிட்டு வரலாம்’ என்று நினைக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். “வட்டியே இல்லை, இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க” என்பார் விற்பனையாளர். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டு நோ-காஸ்ட் இ.எம்.ஐ.யில், அதாவது கூடுதல் செலவில்லை என்று சொல்லித் தரும் மாதத் தவணையில், வட்டி இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தள்ளுபடியைக் காட்டிச் சமன் செய்கிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பல கார்டுகளில் அதோடு செயலாக்கக் கட்டணமும், நம் தலையில் விழும். மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், அடுத்த மாதம் யாருக்காவது காய்ச்சல் என்றால் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆர்.டி. தொடங்கிய பதின்மூன்றாம் மாதம் எங்கள் ஃபிரிட்ஜ் வந்தது. அந்த 3,000 பிடித்தத்தை நாங்கள் நிறுத்தவில்லை. இப்போது அது வாஷிங் மெஷினுக்குப் போகிறது.