வீட்டிலேயே இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க: மூன்று நிமிடப் படிச் சோதனை

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் அப்பாவோடு நடந்தபோது, 65 வயதான அவரைவிட எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. அன்றிரவே இந்தச் சோதனையைத் தேடிப் பிடித்தேன்: மூன்று நிமிடம் ஒரு மேடையில் ஏறி இறங்கி, முடிந்ததும் நாடியை எண்ணிப் பார்ப்பது.

நெஞ்சுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். நடுவில் நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

1. மேடை. 12 அங்குல உயரம், ஆடக் கூடாது. மாடிப்படி வேண்டாம். எங்கள் வீட்டுப் படி 7 அங்குலம்தான்; அதில் ஏறி இறங்கி, நாடி குறைவாக வந்ததை நம்பி ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

2. தாளம். போனில் ஏதாவது ஒரு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) செயலியை நிமிடத்துக்கு 96 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவீர்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்தால் வேகம் தப்பிவிடும்.

3. மூன்று நிமிடம் முடிந்ததும் உட்காருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். தண்ணீர் குடித்துவிட்டு, நாடியைத் தேடிப் பிடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விட்டது. நின்றவுடனே நாடி மளமளவென்று இறங்கத் தொடங்குவதால், 5 நொடிக்குள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், இறங்குவதற்கு முந்தைய வேகம் மட்டுமே கணக்கில் வந்து எண் கூடிவிடும். மணிக்கட்டின் உட்புறம், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தால் அதன் துடிப்பே குழப்பும். முதல் நாளே உட்கார்ந்தபடி நாடி பிடித்துப் பழகிக்கொள்வது நல்லது. ஸ்மார்ட்வாட்ச் காட்டும் எண்ணை நான் எடுப்பதில்லை; வியர்த்த கையில் அது பின்தங்குகிறது.

எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாமல் உங்கள் போன மாத எண்ணோடு பாருங்கள். கடலூர்ப் புழுக்கத்தில் மதியம் செய்தால் நாடி தானாகவே கூடும். காபி குடித்திருந்தாலும் கூடலாம். நான் ஞாயிறு காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில் செய்கிறேன். முதல் முறை 128, இரண்டு மாதம் தினமும் நடந்த பிறகு 115.

பின்சேர்க்கை 1: முழங்கால் வலி உள்ளவர்கள் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறது. 30 மீட்டர் சமதளத்தை அளந்து, போய்த் திரும்பி நடந்து, மொத்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று இளைப்பாறலாம், கடிகாரத்தை மட்டும் நிறுத்தக் கூடாது. மணலில் வேண்டாம், கால் புதையும். புதுச்சேரிக்காரர்களுக்கு வண்டி வராத அதிகாலைக் கடற்கரைச் சாலை இருக்கிறது.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்கு எவ்வளவு மூச்சு வாங்கியும் நாடி ஏறவே இல்லையாம். விசாரித்தால், ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் சாப்பிடுகிறார். பீட்டா பிளாக்கர் எனப்படும் அந்த வகை மாத்திரைகள் நாடியை ஏற விடாது. அவர்களுக்கு நாடிக் கணக்கு உதவாது; மருத்துவர் சரியென்றால் நடைச் சோதனையில் தூரத்தை மட்டும் பார்க்கலாம். அதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.